கூடிப்போன ஒரு லட்சத்து எட்டாயிரம்

பணம் குறைந்தால் பயப்படுகிறவர்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள். கூடினால் பயப்படுகிறவன் நான். முப்பத்தோரு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவனுக்கு அந்தப் பயம் ரத்தத்தில் ஊறியிருக்கும். எங்கள் தோல்பையில் டிக்கெட் கணக்கைவிடப் பத்து ரூபாய் குறைந்தால் கைக்காசைப் போட்டுக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். பத்து ரூபாய் கூடினால் லேசில் விடமாட்டார்கள். அதனால் காலையில் டூட்டி ஏறும்போதே சட்டைப் பையில் சொந்தக் காசு எவ்வளவு இருக்கிறது என்று கணக்குத்தாளில் எழுதிவிட வேண்டும். டீ குடிக்க வைத்திருந்த முப்பது ரூபாயைக்கூட எழுதியிருக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், கடத்தூர் தாண்டியதும் செக்கிங் ஏறினார்கள். பையை எண்ணினால் பதினோரு ரூபாய் கூடுதல். எனக்குக் கால் நடுங்க ஆரம்பித்துவிட்டது. யாரையும் ஏமாற்றவில்லை என்று குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்தேன். செக்கிங் இன்ஸ்பெக்டர் சத்தம் போடவில்லை. "பையில கூடுதலா இருக்குதுன்னா, யாரோ ஒருத்தர் காசு குடுத்துட்டு டிக்கெட் இல்லாம உக்காந்திருக்காங்கன்னு அர்த்தம். தேடலாம் வாய்யா" என்றார். கடைசி சீட்டில் ஒரு அம்மா, காலடியில் தக்காளிக் கூடையோடு உட்கார்ந்திருந்தது. அதுதான். காசை வாங்கிவிட்டுக் கூட்டத்தில் டிக்கெட் கிழித்துக் கொடுக்க மறந்திருக்கிறேன். அந்த அம்மாவும் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு சும்மா இருந்துவிட்டது. எனக்கு அந்த வருஷ இன்கிரிமென்ட் போயிற்று.

ரிட்டயர் ஆகி இரண்டு வருஷம் கழித்து, செக்கிங்கே இல்லாத ஒரு தபால் ஆபீஸ் கவுண்டரில் அதே கால் நடுக்கம் எனக்கு மறுபடியும் வந்தது. இந்த முறை கூடிப்போனது என் பையில் இல்லை. என் தங்கையின் கணக்கில்.

தங்கை என்னைவிட ஆறு வயது இளையவள். பாப்பாரப்பட்டிப் பக்கம் கட்டிக்கொடுத்தோம். பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்தில் அப்பாவுக்கு ஒரே ஒரு ஏக்கர் இருந்தது. அவர் இறந்த மறுவருஷம் தங்கையை வரவழைத்து, சப்-ரிஜிஸ்தர் ஆபீசுக்குக் கூட்டிப்போய், நிலத்தில் தனக்குப் பங்கு வேண்டாம் என்று அவளிடம் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கினேன். எங்கள் பக்கம் எல்லாத் தங்கைகளும் எழுதிக் கொடுப்பதுதான். அதற்காக யாரும் பணம் கேட்டதும் இல்லை, கொடுத்ததும் இல்லை. விரல் வைத்த இடத்திலெல்லாம் அவள் கையெழுத்துப் போட்டாள். ஓட்டலில் பூரி வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றி விட்டேன்.

அதற்குப் பதிலாகத்தான் பொங்கல் சீர் என்று வைத்துக்கொள்ளலாம். வருஷா வருஷம் புடவை, அரிசி, வெல்லம், கரும்பு, அதோடு கொஞ்சம் பணமும் கொண்டுபோய்க் கொடுப்பேன். இரண்டு மூன்று வருஷம் ஆனதும் தங்கை தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்: "பணத்த எங்கையில குடுக்காதண்ணா. அவரு ஊருக்கெல்லாம் தூக்கிக் குடுத்துடறாரு. யாரும் தொட முடியாத எடத்துல போட்டு வெய்யி. கையும் காலும் ஓஞ்ச காலத்துக்கு ஆவும்." மாப்பிள்ளை குடிகாரர் இல்லை, கெட்டவரும் இல்லை. கேட்டவருக்கு இல்லை என்று சொல்ல வராது, அவ்வளவுதான்.

அப்படித்தான் எங்கள் ஊர்த் தபால் ஆபீசில் அவள் பெயரில் பி.பி.எஃப். கணக்குத் தொடங்கினேன். வயதான காலத்துக்கென்று அரசாங்கம் வைத்திருக்கும் சேமிப்பு அது. பதினைந்து வருஷம் பூட்டு. ஒருவருக்கு ஒரு கணக்குத்தான். வருஷத்துக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் போடக்கூடாது. நாங்கள் எங்கே ஒன்றரை லட்சத்தைப் பார்த்தோம்! மூவாயிரம், நாலாயிரம், நல்ல வருஷமாக இருந்தால் ஐயாயிரம். பாஸ்புக் என் வீட்டு பீரோவில் இருந்தது. அவளுக்கு அது 'அண்ணன் கணக்கு'. தன்னுடையது என்று அவள் சொல்லி நான் கேட்டதில்லை.

ஐந்து வருஷத்துக்கு முன் ரோட்டை அகலப்படுத்த அந்த ஒரு ஏக்கரையும் எடுத்துக்கொண்டார்கள். பதினெட்டு லட்சம் வந்தது. சட்டப்படி முழுதும் என்னுடையது. ஆனால் அந்தப் பணம் வந்த நாளிலிருந்து, பூரி தின்றுவிட்டு பஸ் ஏறிப் போனவளின் முதுகுதான் கண்ணில் நின்றது. நல்ல மனுஷனாக இருந்தால் அன்றைக்கே போய், இந்தா உன் பாதி என்று கொடுத்திருப்பான். நான் நல்லவனும் இல்லை, கெட்டவனும் இல்லை. பயந்தவன். என் மனைவியிடம் நிலம் பதின்மூன்றரை லட்சத்துக்குப் போனதாகச் சொன்னேன். மிச்சம் நாலரை லட்சத்தை மூன்று வருஷமாக, வருஷத்துக்கு ஒன்றரை என்று தங்கையின் கணக்கில் சத்தமில்லாமல் கட்டினேன். தங்கையிடமும் சொல்லவில்லை. சொன்னால் நிலம் எவ்வளவுக்குப் போனது என்று கேட்பாள். கணக்கு முடியும்போது எல்லாம் பதினைந்து வருஷ வட்டி என்று சொல்லிச் சமாளித்துவிடலாம் என்பது என் திட்டம். ஆயிரம் பேருக்குச் சில்லறை கொடுத்தவனின் மூளை இப்படித்தான் வேலை செய்தது.

போன வருஷம் பதினைந்து வருஷமும் முடிந்தது. தங்கைக்கு அந்தப் பணம் உடனே தேவையாகவும் இருந்தது. எட்டு வருஷமாக ஒரு தனியார் பள்ளிக்கூட விடுதியில் சமையல் வேலை செய்கிறாள். அண்டா தூக்கித் தூக்கி முழங்கால் போய்விட்டது. மாடிப்படியில் ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் வைத்து ஏறுகிறாள். அண்ணன் கணக்கு முடிந்ததும் வேலையை விடுவதாக வார்டனிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள். ஒரு புதன்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு தபால் ஆபீசுக்குப் போனேன்.

கவுண்டரில் மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு அம்மா. பொறுமையானவர். பாஸ்புக்கை வாங்கிப் பார்த்தார், ஆதாரை வாங்கிப் பார்த்தார், கம்ப்யூட்டரில் எதையோ தட்டினார்.

"ஆறு லட்சத்துச் சொச்சம் வருதுங்கம்மா" என்றார்.

தங்கை திரும்பி என்னைப் பார்த்தாள். நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"வேற எங்கயாச்சும் உங்க பேர்ல இதே கணக்கு இருக்குதுங்களா?" என்று அந்த அம்மா கேட்டார். வழக்கமாகக் கேட்கிற கேள்விதான். இல்லை என்று சொல்ல நான் வாயைத் திறந்துவிட்டேன்.

"இருக்குதுங்க. பேங்குல ஒன்னு போட்டுக்கிட்டு வரேனுங்க" என்றாள் தங்கை. மஞ்சப்பையிலிருந்து ஒரு பாஸ்புக்கை எடுத்துச் சந்தோஷமாகக் கவுண்டரில் வைத்தாள். அதையும் சேர்த்துத் தரப்போகிறார்கள் என்று நினைத்துவிட்டாள்.

எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. விடுதி வேலைக்குச் சேர்ந்த மறுவருஷமே பேங்கில் இன்னொரு பி.பி.எஃப். தொடங்கியிருக்கிறாள். மாதம் மூவாயிரம். ஒன்பதாயிரம் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு. மாப்பிள்ளை கண்ணில் படாமல் இருக்க நான் அவளுக்கு ஒளித்து வைத்தேன் என்றால், அவளும் தன் பங்குக்கு ஒளித்து வைத்திருக்கிறாள்.

கவுண்டர் அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "ஒருத்தருக்கு ஒன்னுதாங்கம்மா இருக்கணும். பேங்குல தொடங்கும்போது, வேற கணக்கு இல்லைன்னு எழுதிக் குடுத்தீங்களா?"

"ஆமாங்க. இல்லைன்னு டிக் அடிச்சேன்."

"இது இருக்குதே?"

"இது எங்கண்ணன் போடற சீருங்க. சீரு எங்கையிக்கு வந்தாத்தானே எம்பட காசு? வராதத எப்படி இருக்குதுன்னு எழுதறது?"

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. பொய்யாக எழுதிக் கொடுத்தது யார்? தங்கை. எழுத வைத்தது யார்? பாஸ்புக்கைப் பதினைந்து வருஷம் பீரோவில் பூட்டி வைத்திருந்த நான். இரண்டு பாஸ்புக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு வருஷமாகக் கூட்டிப் பார்த்தார் அந்த அம்மா. கடைசி மூன்று வருஷத்தில் வந்ததும் பேனா நின்றது. தபால் ஆபீசில் ஒன்றரை லட்சம். பேங்கில் முப்பத்தாறாயிரம். மூன்று வருஷமும் வரம்பைத் தாண்டியிருந்தது.

"கூடுதலாப் போட்டிருக்கீங்க. சரி பண்ணணும். நானா பண்ண முடியாதுங்க, மேல எழுதி அனுப்பணும்" என்றார். "அதுவரைக்கும் ரெண்டுலயும் எதையும் எடுக்க முடியாது."

கூடுதல் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் எனக்குக் கடத்தூர் பஸ்தான் ஞாபகம் வந்தது. கேஸ் ஆகுமா என்று கேட்டேன். கேட்டது எனக்கே கேட்கவில்லை. அந்த அம்மா வேறு ஆளுக்கு ரிஜிஸ்டர் தபால் வாங்க ஆரம்பித்துவிட்டார்.

பஸ் ஸ்டாப்பில் தங்கை கேட்டாள்: "வட்டி அவ்வளவா குடுக்கறாங்கண்ணா?"

"குடுக்கறாங்க."

"மூவாயிரமும் நாலாயிரமும் போட்டதுக்கு ஆறு லட்சமா?"

"பதினஞ்சு வருசம் ஆவுதில்ல" என்றேன். அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. அவள் கேட்காமல் இருப்பது எனக்கு எப்போதுமே வசதியாக இருந்திருக்கிறது.

அதற்குப் பிறகு ஏழு வாரம். அந்த ஏழு வாரத்தை நான் எப்படிக் கழித்தேன் என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. செல்போன் அடித்தால் தூக்கிவாரிப் போடும். தெருவில் காக்கிச் சட்டை தெரிந்தால் வீட்டுக்குள் போய்விடுவேன். அது மீட்டர் கணக்கெடுக்க வந்த பையனாக இருக்கும். மனு எழுதி நகலெடுக்கப் போன ஜெராக்ஸ் கடைக்காரர், கேட்காமலே படித்துவிட்டு, "பொய் டிக்ளரேசனுங்களா? மொத்தத்தையும் முடக்கிருவாங்களே" என்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது, மைக்கைக் கொடுத்தால் விடாமல் பேசுகிற ஆள் என்று ஊருக்கே தெரியும். ஆனாலும் அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. முடக்கிவிட்டால் தங்கையின் சமையல்கட்டுக் காசும் சேர்ந்து போகும். வேலையை விடுவதாகச் சொன்னவள், அந்த முழங்காலோடு தொடர்ந்து அண்டாவைத் தூக்க வேண்டும். குற்றவுணர்ச்சிக்காக நான் போட்ட பணம் அவளுடைய சொந்தப் பணத்தையும் இழுத்துக்கொண்டு கிணற்றில் விழுந்துவிட்டது என்று நினைத்தேன்.

என் மனைவி இரண்டு நாள் பார்த்தாள். "பிரசர் மாத்திரையைச் சரியாப் போடறீங்களா?" என்று கேட்டாள். போடுகிறேன் என்றேன். தங்கையின் கணக்கில் ஏதோ சிக்கல் என்ற வரைக்கும்தான் அவளுக்குத் தெரியும்.

தங்கைக்கு மட்டும் பயமே இல்லை. நான் தினமும் போன் செய்வேன். அவளுக்குப் பின்னால் விடுதித் தட்டுச் சத்தம் கேட்கும். "நீ எதுக்குண்ணா இப்படி நடுங்கற? நம்ம திருடவா செஞ்சோம்? சேத்துத்தானே வெச்சோம்" என்பாள். சேர்த்து வைத்ததுதான் தப்பு என்று அவளுக்குப் புரியவைக்க என்னால் முடியவில்லை.

எட்டாவது வாரம் திங்கட்கிழமை கூப்பிட்டார்கள். போனோம். கவுண்டர் அம்மா எங்களை உள்ளே வரச் சொல்லி நாற்காலி போட்டார். நாற்காலி போட்டதும் எனக்கு இன்னும் பயமாகிவிட்டது. பஸ்ஸிலும் அப்படித்தான், மெமோ கொடுப்பதற்கு முன்னால் உட்காரச் சொல்வார்கள்.

"கேஸெல்லாம் ஒன்னும் இல்லீங்க" என்று என் முகத்தைப் பார்த்தே சொன்னார். "தெரியாமப் பண்ணதுன்னு ஏத்துக்கிட்டாங்க. ரெண்டு கணக்கையும் ஒன்னாச் சேத்துடலாம். வரம்பைத் தாண்டினது மூணு வருசத்துல ஒரு லட்சத்து எட்டாயிரம். அதுக்கு மட்டும் வட்டி கெடையாது, போட்ட பணம் போட்டபடி திரும்ப வந்துடும். மத்ததெல்லாம் வட்டியோட எடுத்துக்கலாம். இதுல சம்மதம்னு ஒரு கையெழுத்து."

அந்த நிம்மதியில்தான் வாயை விட்டேன். தங்கை பேனாவை எடுத்து, எங்கே போட வேண்டும் என்று என்னைப் பார்த்தாள். மறுபடியும் ஒரு கேள்வி, மறுபடியும் ஒரு டிக், மறுபடியும் ஏழு வாரம் வந்துவிடக்கூடாதே என்ற பயத்தில், "படிச்சுப் பாத்துப் போடும்மா" என்றேன்.

பேனா நின்றது. "அன்னைக்குச் சப்-ரிஜிஸ்தர் ஆபீசுல இப்படிச் சொல்லலியேண்ணா" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. சும்மா, ஞாபகம் வந்ததைச் சொன்னாள். இருபது வருஷமாக இந்த ஒரு வார்த்தைக்குத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆபீசுக்கும் இல்லை, கேஸுக்கும் இல்லை.

பிறகு அவள் படிக்க ஆரம்பித்தாள். எட்டாம் வகுப்புப் படிப்பு. வரிக்கு அடியில் விரலை ஓட்டிக்கொண்டு, உதடு அசைய, நிதானமாகப் படித்தாள். இரண்டாவது பக்கத்தில் வருஷவாரியாகப் போட்ட பணம் இருந்தது. மூவாயிரம். மூவாயிரம். நாலாயிரம். ஐயாயிரம். விரல் இறங்கிக்கொண்டே வந்தது. ஒரு லட்சத்து ஐம்பதாயிரம். விரல் நின்றது. அடுத்த வரி, ஒரு லட்சத்து ஐம்பதாயிரம். அதற்கடுத்த வரியும் அதே. பஸ்ஸில் பையை எண்ணும்போது எப்படிப் பார்த்துக்கொண்டு நிற்பேனோ அப்படிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அந்த அம்மாவிடம் கேட்டாள்: "கூடுதல்னு கழிக்கறீங்களே, அது எதுங்க? எங்கண்ணன் போட்டதுங்களா, நான் போட்டதுங்களா?"

"ரெண்டாவதாத் தொடங்கின கணக்குலதாங்கம்மா கழியும். உங்க பேங்க் காசு."

"அப்ப நான் சம்பாரிச்சதுதான் அதிகமாப் போச்சுங்களா?"

எனக்குத் தாங்கவில்லை. "மேடம், எம்பணத்தக் கழிச்சுக்குங்க. அவ காசு வட்டியோட இருக்கட்டும்" என்றேன். அவர் தலையை ஆட்டினார். "அவங்க விருப்பப்பட்டா பேங்க் கணக்கையே மெயினா வெச்சுக்கலாம் சார். ஆனா அதுக்கு இன்னும் எட்டு வருசம் பூட்டு இருக்குது. இது முடிஞ்ச கணக்கு, இன்னைக்கே எடுக்கலாம்."

தங்கை தன் முழங்காலைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். பிறகு கையெழுத்துப் போட்டாள். மூன்று வருஷம் அவள் அடுப்பில் வெந்து சேர்த்த காசு அதிகப்படி என்று எழுதப்பட்ட காகிதத்தில், அவளே தன் கையால் போட்டாள்.

வெளியே வந்து எதிர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். டீ வந்தது. அவள் குடிக்கவில்லை.

"நெலம் எவ்வளவுக்குப் போச்சு?" என்றாள்.

பொய் சொல்ல ஒரு விநாடி இருந்தது. வீட்டில் சொன்ன பதின்மூன்றரை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பையில் கூடினால் யாரோ ஒருவர் காசு கொடுத்துவிட்டு டிக்கெட் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம். அந்த ஆள் என் பக்கத்தில் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தது.

"பதினெட்டு" என்றேன்.

"பாதி ஒம்பது."

"ஆமா."

"நாலரை போட்டிருக்க. பாக்கி நாலரை." டீயை எடுத்து ஒரு வாய் குடித்தாள். "பொங்கச் சீர அதுல சேக்காத. எம்பட காசுக்கு மூணு வருச வட்டி போச்சே, அதையும் சேத்துக்க. எந்தக் கணக்குலயும் போடாதண்ணா. அண்ணியக் கூட்டிக்கிட்டு வூட்டுக்கு வந்து கையில குடு."

"அண்ணிகிட்ட நான் பதிமூணரைன்னு..." என்று ஆரம்பித்தேன்.

"அது உம்பட பாடு" என்றாள்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்தேன். நானும் இரண்டு காய் எடுத்து உரித்தேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். செக்கிங் ஆளிடம் பையைக் கழற்றிக் கொடுப்பதைவிட அது கஷ்டமாக இருந்தது. அவர்கள் எண்ணிவிட்டு இறங்கிப் போய்விடுவார்கள். இவள் இறங்கமாட்டாள்.

"பதினெட்டா?"

"பதினெட்டு."

"அவுங்களாக் கேட்டாங்களா, நீங்களாச் சொன்னீங்களா?"

"அவதான் கேட்டா."

"அதான பாத்தேன்" என்றாள். மொச்சை முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மூன்று நாள் என்னோடு பேச்சில்லை. சோறு வரும், தட்டு சத்தத்தோடு வரும். நான்காம் நாள் பீரோவைத் திறந்து நிலப் பணத்தின் டெபாசிட் ரசீதை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "எம்பணத்துல பங்கு போறதுக்கு நான் அழுவல. நாலு வருசம் எங்கிட்ட நடிச்சீங்களே, அதுக்குத்தான் மனசு ஆறல. இதை ஒடைச்சு எடுங்க. ஞாயித்துக்கெழமை போலாம்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பாப்பாரப்பட்டி போனோம். பணம் என் மனைவியின் மடியில் இருந்த பையில் இருந்தது. தர்மபுரியில் பஸ் மாறும்போதுகூட அவள் அதை என் கையில் கொடுக்கவில்லை. தங்கை வீட்டில் மாப்பிள்ளையும் இருந்தார். அவரை எதிரில் வைத்துக்கொண்டே தங்கை பணத்தை வாங்கி, எண்ணி, வட்டியையும் சரிபார்த்தாள். இனி யாருக்கும் ஒளிக்கிற எண்ணம் அவளுக்கு இல்லை என்று தெரிந்தது. மாப்பிள்ளை வாயைத் திறக்கப் போனார். தங்கை ஒரு பார்வை பார்த்தாள். அவர் வெற்றிலைப் பையைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

பிறகு அவள் விடுதி மளிகைக் கணக்கு நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாளைக் கொண்டுவந்து என் முன் வைத்தாள். அவள் கையெழுத்தில் எழுதியிருந்தது. பேனாவையும் கொடுத்தாள். எங்கே போட வேண்டும் என்று மட்டும் பார்த்துவிட்டுப் பேனாவைக் கொண்டுபோனேன்.

"படிச்சுப் பாத்துப் போடுண்ணா" என்றாள்.

என் மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினாள். நான் படித்தேன். மூன்றே வரி. அப்பா நிலத்தில் பாதி என்னுடையது. அந்தப் பாதிக்கு உண்டான பணத்தை அண்ணன் இன்று கொடுத்து முடித்தார். இனி எங்களுக்குள் கொடுக்கவோ வாங்கவோ எதுவும் இல்லை.

மூன்றாவது வரியில் எனக்கு மறுபடியும் அந்த நடுக்கம் வந்துவிட்டது. கேஸுக்குப் பயந்த ஏழு வாரமும் இதற்குப் பக்கத்தில் வராது. அறுபது வயதில், மனைவிக்கும் மாப்பிள்ளைக்கும் எதிரில், வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"கொடுக்க ஒன்னும் இல்லைன்னா, அப்ப பொங்கச் சீரு?"

தங்கை என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"அது சீருண்ணா. அதை எதுக்கு இதுல எழுதறது?" என்றாள். "இந்த வருசத்துலருந்து எங்கையிலயே கொண்டாந்து குடு."

கையெழுத்துப் போட்டேன். தேதியும் போட்டேன்.